ஜீப்பின் பின்னால் கட்டிய கயிறு

மஸ்கட் மாநகரில் வெயிலோடு மல்லுக்கு நிற்கும் என் மகளுக்கு, அனுமந்தன்பட்டி தென்னந்தோப்பின் தனிப்பெரும் மன்னனும், இரண்டு பசுக்களுக்கும் ஒரு பழுதான மோட்டாருக்கும் ஏகபோக அதிபதியுமான உன் சித்தப்பன் எழுதுவது. இங்கே நானும் என் மதினியாகிய உன் அம்மாவும் இருக்கிறோம். பசுக்களும் இருக்கின்றன. உன் அப்பாவின் ஜீப்பும் மாட்டுக்கொட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அண்ணன் பெற்ற பிள்ளையை மகள் என்று அழைக்க எவனிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை; உன் அப்பா போன பிறகு அந்த உரிமையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் சேர்ந்துவிட்டது. ஆகவே இந்தக் கடிதத்தில் புத்திமதியும் இருக்கும். பொறுத்துக்கொள்.

போன வாரம் நீ போனில் ஒன்று கேட்டாய். "சித்தப்பா, அப்பா வண்டி வீட்டுக்கு வந்தன்னைக்கு அம்மா ஏன் வாசலுக்கே வரல? மறுநாள் நான் கெளம்பும்போது என் கையக்கூட பிடிக்கல. முந்தானைக்குள்ளயே கைய வச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் போறது அதுக்குப் பிடிக்கலையா?" என்றாய். வானத்துக்குக் கீழே எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் உன் சித்தப்பன், "சிக்னல் சரியில்ல தாயி" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ மூக்கை உறிஞ்சியதுகூடத் தெளிவாகக் கேட்டது. ஆனால் உன் அம்மா என் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறாள். "அவகிட்ட சொல்லிராதீக தம்பி" என்று பசுவின் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் சத்தியம் மீறாத பரம்பரை. அதனால் உன்னிடம் சொல்லப் போவதில்லை. ஊருக்குச் சொல்கிறேன், அச்சில் வருகிற மாதிரி சொல்கிறேன். ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு முழிக்கிற நாலு பேருக்குப் பயன்படட்டும். நடுவில் நீயும் படித்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

ஊருக்கு முதலில் உன் அப்பாவைத் தெரிய வேண்டும். கம்பத்திலிருந்து மலையேறிக் கேரளத்து ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழேயிருந்து பார்த்தால் தேன்கூடு ஒன்று தானாக மலையேறுவது போலிருக்கும். ஒரு ஜீப்பில் போகிறவர்களை இறக்கி நிறுத்தினால் ஒரு பஞ்சாயத்துத் தேர்தலே நடத்தலாம். அந்த ஸ்டாண்டில், சீட்டுக்கு மேல் ஒரு ஆள் ஏற்றாத ஒரே டிரைவர் என் அண்ணன். "இந்த நடையில எடமில்லன்னா அடுத்த நடைக்கு வாரேன் ஆத்தா. ஏலக்கா எங்கயும் ஓடிப்போகாது" என்பார். முன் சீட்டு எப்போதும் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கோ கால் முடியாதவளுக்கோ போய்விடும். மற்ற டிரைவர்கள் கேலி செய்ததற்கு அளவே இல்லை. "அண்ணே, ஒங்க வண்டியில போனா எஸ்டேட்டுக்குப் போறமா, பொண்ணு பாக்கப் போறமா?" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைப்பார். ஓட்டிய காலம் முழுக்க அந்த வண்டி மேல் ஒரு வழக்கு கிடையாது.

ஒருநாள் மத்தியானம் மேலே எஸ்டேட்டில் நெஞ்சு வலிக்கிறது என்று வண்டியை அங்கே இருந்த செட்டுக்குள் விட்டுவிட்டு, சாவியைச் சூப்பர்வைசரிடம் கொடுத்து, "இப்ப வந்துருவேன்" என்று சொல்லி வேறு ஜீப்பில் இறங்கினார். தேனி ஆஸ்பத்திரி வரைக்கும் உட்கார்ந்தே போனார். திரும்பி வரும்போது வேனில் படுத்து வந்தார். நீ அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். வேன் கதவைத் திறந்ததும் நீ முதலில் பார்த்தது அவர் கால்களைத்தான். அதற்கு மேல் அதை நான் எழுத மாட்டேன்.

ஜீப் மேலேயே நின்றுவிட்டது. போய் எடுத்து வர எவருக்கும் கால் வரவில்லை. இன்சூரன்ஸ் முடிந்தது, தகுதிச் சான்று முடிந்தது, டயர்கள் தரையோடு ஒட்டின. எலி சீட்டைத் தின்று குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்து, அவையும் வயதாகிப் போயிருக்கும். ஒருநாள் சூப்பர்வைசர் போன் செய்தார். எஸ்டேட் கை மாறுகிறதாம், செட்டை இடிக்கப் போகிறார்களாம், வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். உனக்கு மஸ்கட் ஆஸ்பத்திரி வேலைக்கு டிக்கெட் வந்ததும் அந்த வாரம்தான்.

உடனே நான் என் மகத்தான திட்டத்தை அறிவித்தேன். நம் டிராக்டர், ஒரு கயிறு, நான். "விடியக்காலம் கட்டி இழுத்தா வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுல நிக்கும்" என்றேன். நீ தட்டில் இருந்த இட்லியைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"செக்போஸ்ட்ல என்ன சொல்லுவீக?"

"பேரச் சொல்லுவேன். பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிஞ்ச பேரு."

"அதான் பயமா இருக்கு. அப்பா ஓட்டுனப்ப ஒரு கேஸு இல்ல சித்தப்பா. நின்னுபோன வண்டி மேல கேஸு வரக் கூடாது."

அதோடு நின்றாயா? என்னைக் கைது செய்து தேனி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே அழைத்துப் போனாய். அங்கே கேட்டு வந்ததைத்தான் ஊருக்குச் சொல்கிறேன். கயிறு கட்டி இழுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போது வழியில் மக்கர் செய்த வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை கொண்டுபோவதற்கு. இரண்டு வண்டிக்கும் நடுவில் இடைவெளி ஐந்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கயிறோ சங்கிலியோ, மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பின்னால் வருகிறவனுக்குப் புரியும்படி, இழுத்துச் செல்லப்படும் வண்டி என்று எழுதிப் போட வேண்டும். மாட்டுவண்டி முந்துகிற வேகத்தில்தான் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைக்காவிட்டால், இழுபடுகிற வண்டியின் ஸ்டீயரிங்கிலும் லைசென்ஸ் உள்ள ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் ஜீப்புக்கு இதெல்லாம் செல்லாது. இன்சூரன்சும் தகுதிச் சான்றும் இல்லாத வண்டியின் சக்கரம் பொதுச் சாலையில் உருண்டால், எஞ்சின் உருட்டினாலும் கயிறு உருட்டினாலும் அது ஓட்டியதுதான் என்றார் அந்த அதிகாரி. வேண்டுமானால் சரக்காக ஏற்றிக்கொண்டு போகலாம். ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏற்றி, நான்கு சக்கரத்தையும் பெல்ட் போட்டுக் கட்டி, ஆர்.சி., அப்பாவின் இறப்புச் சான்று, அம்மாவின் வாரிசுச் சான்று, எஸ்டேட்டில் எடுத்துப்போகச் சம்மதித்த கடிதம், இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு போனால் யாரும் தடுக்க முடியாது. பிழைக்கத் தெரிந்த அத்தனை பேரும் இதைச் செய்யுங்கள். டிராக்டரைக் கொட்டத்திலேயே விடுங்கள்.

இந்த நற்செய்தியோடு வீட்டுக்கு வந்தோம். உன் அம்மா சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அவுகளத்தான் படுக்கப் போட்டு இன்னொரு வண்டியில கொண்டாந்தீக. இதையும் அப்படித்தான் கொண்டாருவீகளா தம்பி? வண்டியாச்சும் அது கால்ல வீட்டுக்கு வரட்டும். இல்லன்னா அங்கனயே கெடக்கட்டும்."

சட்டம் முதுகில் ஏற்று என்கிறது, மதினி காலில் நடத்து என்கிறாள். நீ கிளம்ப நாலு நாள்கூட இல்லை. என் ஆயுளில் நான் தீர்க்காத சிக்கல் கிடையாது என்று நான் சொல்வதை நீ நம்பியதில்லை. இதைத் தீர்த்தவளும் நீதான். ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் தோப்புக்குள் போகிற பாதை நம் பட்டா நிலம், அதில் ஊராருக்கு நடமாட்டம் கிடையாது. கேட் வரைக்கும் சரக்கு, கேட்டுக்கு உள்ளே நம் வண்டி. "கேட்டுக்குள்ள எறக்கி, அங்கருந்து அது கால்ல உருட்டிக்கிட்டு வருவோம்மா. நானே ஸ்டீயரிங் பிடிக்கிறேன்" என்றாய். உன் அம்மா உதிர்த்த சோளத்தைக் கையால் ஒருமுறை அளைந்தாள். சரி என்று சொல்லவில்லை. "எந்தக் கெழமை?" என்றாள்.

கம்பம் ஸ்டாண்டில் இரண்டு சக்கரம் இரவல் வாங்கினோம். உன் அப்பாவைக் கேலி செய்தவர்கள்தான் கழற்றிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது ஒருவரும் கேலி பேசவில்லை. ரெக்கவரி வண்டி மேலேயே கிடைத்தது. மலையாளத்து டிரைவர் நம் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது வண்டியோ, இல்ல புற்றோ?" என்று கேட்டான். எலிகளை வெளியேற்றி, டேங்கில் மிச்சமிருந்த டீசலை வடித்து, இறுகிப்போன பிரேக்கைத் தட்டித் தட்டித் தளர்த்தினான். "பிரேக்கு பாதிதான் பிடிக்கும். நம்பாதே" என்றான். ஜீப் மேலே ஏறிக் கட்டப்பட்டதும் நான் அதன் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பள்ளத்தாக்கே அண்ணாந்து பார்க்க, யானை மேல் அம்பாரியில் போகிற மாதிரி இறங்கலாம் என்று எண்ணம். அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஆளு உள்ள இருக்கக் கூடா, பாடில்லா. கேஸாவும். இறங்கணும் ராஜாவே" என்றான். இறங்கினேன். ஒரு சாம்ராஜ்யம் அவ்வளவு சுலபமாகக் கவிழ்ந்து நான் பார்த்ததில்லை.

செக்போஸ்டில் நம் ஊர்ப் போலீஸ்காரர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இறப்புச் சான்றில் கொஞ்ச நேரம் நின்றார். ஜீப்பை ஏறிட்டுப் பார்த்து, "இவரு கொறைச்சலா ஆளேத்துற டிரைவர்ல? இந்த வண்டிய நான் நிறுத்துனதே இல்லையே" என்றார். "இப்பவும் நிறுத்த வேண்டியதில்ல சார், அதுவே நின்னு போச்சு" என்று நான் சொன்னேன். நீ என் காலை மிதித்தாய். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை உன் கையில் கொடுத்து, "பாத்து எறக்குங்கம்மா" என்றார். வளைவுக்கு வளைவு உன் அப்பாவின் வண்டி நமக்கு முன்னால் முதுகு காட்டிக்கொண்டு இறங்கியது. நீ என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்திருந்தாய். சட்டை நனைந்தது. மலையில் தூறல் விழுந்தது என்று நான் அப்போது சொன்னேன் அல்லவா, இப்போதும் அதையே சொல்கிறேன்.

இனி நீ பார்க்காததைச் சொல்கிறேன். அதாவது ஊருக்குச் சொல்கிறேன்.

கேட்டுக்குள் பின்வாட்டமாக ரெக்கவரி வண்டியை விட்டு, முதுகைச் சாய்த்து, சக்கரம் நம் எல்லைக் கல்லைத் தாண்டி விழும்படி இறக்கினோம். நீ ஸ்டீயரிங்கில் ஏறினாய். ஏலக்காய்க்குப் போகும் பெண்கள் வந்திருந்தார்கள், பேச்சியம்மாவின் தலைமையில். "ஏலே, தள்ளுங்கடா! அவரு எங்களைச் சொமந்த சொமைக்கு இது ஒரு சொமையா?" என்று அவள் போட்ட சத்தத்தில் தேனி வரைக்கும் காக்கைகள் பறந்திருக்கும். ஆனால் தள்ள வேண்டியது முதல் பத்தடிதான். நம் பாதை வீட்டைப் பார்த்துச் சரிவு. பாதி பிரேக்கை நம்ப முடியாது. அதனால் பின்னால் ஒரு வடக்கயிறு கட்டி, தென்னை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நானும் நாலு பேரும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். ஒரு மரம் கடந்ததும் அடுத்த மரம். அதுவரை உனக்கும் தெரியும்.

உன் அம்மா வாசலில் நிற்பதாகத்தான் நீ நினைத்தாய். வண்டி வளைவு திரும்பும் முன்பே உன் கண் வாசலைத் தேடியது, தலை அசைவிலேயே எனக்குத் தெரிந்தது. அன்று காலையில் அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். "நான் எதுக்க நிக்க மாட்டேன் தம்பி. நாளைக்குப் புள்ளை கடல் தாண்டிப் போகுது. தாலி எறக்குனவ எதுத்தாப்புல வந்து நின்னேன்னு இருக்க வேணாம். நான் பின்னாடியே வாரேன், நீங்க போங்க." நான் வாதாடினேன். என் வாய்க்கு மலையே வழிவிடும் என்று ஊரில் பேச்சு. உன் அம்மா வழிவிடவில்லை. தோப்பு ஓரமாக, மரத்துக்கு மரம் மறைந்து, வண்டிக்குப் பின்னாலேயே அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். நீ முன்னால் தேடிக்கொண்டிருந்தாய்.

கிணற்றடி வளைவில் மட்டைகள் காய்ந்து வழுக்கிக் கிடந்தன. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கயிற்றை மாற்றுகிற நேரம். எனக்குக் கால் வழுக்கியது. நான் விழுந்ததில் பின்னால் நின்ற நாலு பேரும் சரிந்தார்கள். கயிறு எங்கள் கையை உருவிக்கொண்டு ஓடியது. ஜீப் உருண்டது, கிணற்றைப் பார்த்து. தாயி, நான் எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவன். இதை ஒரு மடங்குகூடக் கூட்டவில்லை. அந்த வண்டிக்கும் கிணற்று மேட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது.

அப்போது வண்டி நின்றது. "பிரேக் பிடிச்சிருச்சு சித்தப்பா!" என்று நீ கத்தினாய். சிரித்தாய் வேறு. உன் அப்பாவின் வண்டி உன் காலுக்குக் கட்டுப்பட்டது என்ற சந்தோஷம் உன் குரலில் இருந்தது.

பிரேக் பிடிக்கவில்லை தாயி. ஓடிய கயிற்றின் நுனியை உன் அம்மா பிடித்திருந்தாள். மரத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்து பிடித்து, ஓடுகிற கயிறு உள்ளங்கையை அறுக்க அறுக்க விடாமல், தென்னையை ஒரு சுற்றுச் சுற்றி, மரத்தில் காலை ஊன்றிச் சாய்ந்து கிடந்தாள். ஒரு சத்தம் போடவில்லை. போட்டால் நீ திரும்பிப் பார்ப்பாய். பேச்சியம்மா ஓடிப்போய் அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள், பிறகு மற்ற பெண்கள். நான் எழுந்து போய்க் கயிற்றை வாங்கினேன். அது ஈரமாக இருந்தது, சிவப்பாக. அவள் கண்ணால் உன் பக்கம் காட்டி, தலையை இல்லை என்று ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் பசுவின் மேல் சத்தியம் வாங்கினாள். "பயந்துபோச்சுன்னா வெளிநாட்டுக்குப் போக மாட்டா. இந்த வேலைக்கு எம்புட்டு அலைஞ்சிருக்கா. சொல்லிராதீக தம்பி."

வண்டியை மெல்ல வாசலுக்கு விட்டோம். அது தன் காலில் வந்து நின்றது. நீ இறங்கி வாசலைப் பார்த்தாய், ஆள் இல்லை. அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனாய், அங்கும் இல்லை. அவள் மாட்டுக்கொட்டத்துத் தொட்டியில் கையை முக்கிக்கொண்டு நின்றாள். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் பெட்டி அடுக்கினாய். மறுநாள் காலையில் கார் வந்தபோது அவள் முந்தானைக்குள் வைத்திருந்தது மஞ்சள் பத்துப் போட்ட இரண்டு கைகள். உன் கையைப் பிடித்திருந்தால் நீ பார்த்திருப்பாய். நீ நர்ஸ். ஒரு பார்வையில் கயிற்றுக் காயம் என்று கண்டுபிடித்திருப்பாய்.

கார் கிளம்பியதும் நீ கண்ணாடி வழியாக வாசலைத் திரும்பிப் பார்த்தாய், நான்தான் கையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதும் அவள் பின்னால்தான் வந்தாள். தோப்பு வழியாக, கார் ரோடு ஏறும்வரை.

இந்தக் கடிதத்தில் புத்திமதி உண்டு என்று சொன்னேன், ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. லீவில் வரும்போது, கேட்டிலேயே காரை நிறுத்திவிடு. உன் அம்மா நம் வாசலில், நடுவில், உனக்கு எதிரே வந்து நிற்கும்வரை உள்ளே வர மாட்டேன் என்று சொல்லிவிடு. நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீ சொல். இருட்டினாலும் அங்கேயே நில். நான் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறேன்.

ஜீப்பைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். முதலில் அம்மா பேருக்கு மாற்றி, பிறகு அரசாங்கத்தில் பதிந்த, பழைய வண்டிகளை உடைக்கும் கூடத்தில் ஒப்படைத்து, அவர்கள் கொடுக்கும் சான்றை வைத்து ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டுமாம். பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டால் நாளைக்கு அந்த நம்பரில் எவன் என்ன செய்தாலும் நம் வீட்டுக் கதவைத் தட்டுவார்களாம். அதையும் முறையாகவே செய்வோம். அவள் அவசரப்படவில்லை. அது இன்னொரு வண்டியில் ஏறிப் போகலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "போறப்ப எப்படிப் போனா என்ன தம்பி, வந்துட்டுத்தான போகுது" என்றாள். நீ வரும்வரை நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் பால் கறந்த பிறகு முன் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். அத்தனை வருஷத்தில் அந்த சீட் அவளுக்குக் கிடைத்ததே இல்லை.

கை ஆறிவிட்டது. பால் கறக்கிறாள். ஆனால் தழும்பு நிற்கிறது, இரண்டு உள்ளங்கையிலும் குறுக்காக. நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் போனை எதன் மேலாவது சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறாளே, கவனித்தாயா? அடுத்த தடவை பேசும்போது, "அம்மா, உள்ளங்கையைக் காட்டு" என்று மட்டும் கேள். நான் சொன்னதாகச் சொல்லாதே, பசு பாவம்.